மூன்றாம் மாடியில் ஓடி விளையாடுவது எப்படி?

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. முற்றம் கிடையாது. மகனுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தால் ரியூஷன், ரியூஷன் முடிந்தால் இருட்டு. "போனை வை" என்று கத்திக் களைத்த பிறகுதான், அதே போனையும் ரீவியையும் வைத்து ஆளை ஆடவைக்கலாமே என்று தோன்றியது. நீங்களும் தொடங்குவதென்றால் இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: இடம்
சோபாவைத் தள்ளி, ரீவிக்கு முன் ஆறடிக்கு ஆறடி இடம் எடுங்கள். கையை விரித்துச் சுற்றினால் எதிலும் படக்கூடாது. மாபிள் தரையில் காலுறையோடு ஆட விடாதீர்கள், வழுக்கும். மின்விசிறி ஓடட்டும்.

படி 2: காசு செலவழிக்காதீர்கள்
முதல் இரண்டு வாரம் யூரியூப்பில் நடனப் பயிற்சிக் காணொளிகளே போதும். அடுத்து 'ஜஸ்ட் டான்ஸ் நவ்' என்ற நடன விளையாட்டு: ஆட்டம் கணினித் திரையில் ஓடும், கையில் பிடித்த போன் ரிமோட் ஆகிவிடும். பிள்ளைக்கு ஆர்வம் தங்குகிறதா என்று தெரிந்த பிறகு கன்சோலை, அதாவது ரீவியில் பூட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

படி 3: கால் அசைகிறதா என்று பாருங்கள்
எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான். இரவல் வாங்கிய பழைய கன்சோலில் மகன் முதல் நாள் டெனிஸ் ஆடி வியர்த்துக் கொட்டினான். மூன்றாம் நாள் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டி என்னை வென்றுவிட்டான்! ரிமோட்டுக்குத் தன் அசைவு மட்டும்தான் தெரியும். நீங்கள் ஓடினீர்களா, படுத்திருந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. ஜஸ்ட் டான்ஸ் நவ்விலும் போன் பிடித்த கைக்குத்தான் புள்ளி.

உடம்பு முழுவதையும் கமராவால் பார்க்கும் 'கினெக்ட்' என்ற விளையாட்டுக் கருவி 2010இல் வந்தது; 2017இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது வாங்குவதென்றால் நின்டென்டோ ஸ்விட்ச் என்ற கன்சோலுக்கு 2019இல் வந்த 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' என்ற உடற்பயிற்சி விளையாட்டு நல்லது. ரிமோட் செருகிய பட்டியைத் தொடையில் கட்டி ஆடுவதால் காலை ஏமாற்றுவது கடினம். மாடி வீட்டுக்காரருக்கு இன்னொரு வசதி: சத்தமில்லாத முறையைத் தெரிவு செய்தால் ஓட்டத்துக்குப் பதிலாக முழங்காலை மடித்து எழும்பினால் போதும். கீழ் வீட்டு அன்ரி வந்து கதவைத் தட்டும் முன்பே இதைச் செய்யுங்கள். நான் பிந்திவிட்டேன்.

படி 4: பாடச் சொல்லுங்கள்
ஆடும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பாட்டு தாராளமாக வந்தால் இன்னும் கொஞ்சம் விரட்டலாம்.

படி 5: நேரம்
உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம். பயப்படாதீர்கள், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நீங்களும் சேர்ந்து ஆடினால் பத்து இருபதாகும்.

படி 6: வெளியே
'போக்கிமோன் கோ' என்பது வெளியே நடந்து, போனில் தோன்றும் போக்கிமோன் என்ற கற்பனை உயிர்களைப் பிடிக்கும் விளையாட்டு. சனிக்கிழமை பின்னேரம் அதோடு கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு இறங்குங்கள். விளையாட்டில் கிடைக்கும் முட்டை குஞ்சு பொரிக்க 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடந்தே ஆகவேண்டும். வாகனத்தில் வேகமாகப் போனால் கணக்கில் சேராது. ஒருபுறம் வாகனம், மறுபுறம் ரயில் பாதை. ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம்: நடக்கும்போது போன் பையில், பிடிக்கும்போது நின்று. தண்டவாளப் பக்கம் எவ்வளவு அரிய போக்கிமோன் நின்றாலும் அது ரயிலுக்குத்தான்.