லேசர் செய்த கண்ணோடு உலைக்களத்துக்குத் திரும்புவது எப்படி?

கண்ணாடியை விடுவதற்காக லேசர் அறுவை செய்துகொண்டு, மறுபடி இரும்படிக்க நினைக்கிறவர்களுக்கான செய்முறை இது. கண்புரைக்கு லென்ஸ் வைப்பதையும் நம் ஊரில் லேசர் என்றே சொல்வார்கள்; அது வேறு, அதன் விதிகளும் வேறு. இப்போதுதான் சுத்தியல் பிடிக்கப் பழகுகிறீர்கள் என்றால் இன்னும் நிதானமாகப் படியுங்கள்.

"எத்தனை நாள் கழித்துப் பட்டறைக்குப் போகலாம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாள் கணக்கு தேவைதான். ஆனால் இந்த அறுவைக்குப் பிறகு கண்ணுக்கு இருந்த இரண்டு காவல் போய்விடுகிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒன்று, இத்தனை வருஷமாக மூக்கின் மேல் இருந்த பவர் கண்ணாடி. அது பாதுகாப்புக் கண்ணாடி இல்லை என்றாலும், பறந்து வந்த எத்தனையோ இரும்புச் செதில்களைத் தடுத்திருக்கிறது. பழைய கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: லென்ஸில் ஊசிக் குத்துப் போலப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். சூடாக வந்து ஒட்டிய துணுக்குகள் அவை. இரண்டாவது காவல், வலி. லேசர் செய்யும்போது கருவிழியின் நுண் நரம்புகள் அறுபடுகின்றன. அவை வளர்ந்து சேரப் பல மாதம் ஆகும். அதுவரை, முன்பு துள்ள வைத்த ஒரு துணுக்கு இப்போது லேசான உறுத்தலாக மட்டும் தெரியலாம். இந்த இரண்டு காவலையும் வேறு வழியில் ஈடுகட்டிய பிறகுதான் உலை மூட்ட வேண்டும்.

படி 1: உங்களுக்குச் செய்தது எது?

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். லாசிக் என்றால், கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைத்திருப்பார்கள். மூடியின் கனம் ஏறக்குறைய 100 முதல் 120 மைக்ரான், ஒரு தாள் அளவுதான். தையல் கிடையாது. ஓரம் ஓரிரு நாளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பழைய உறுதி முழுதாகத் திரும்புவதில்லை. வருடங்கள் கழித்துக்கூட, கண்ணில் பலமாக அடிபட்டு மூடி நகர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிஆர்கே என்றால் மூடியே கிடையாது. மேல்தோலை நீக்கிவிட்டுச் செய்வது. ஆறுவதற்கும் பார்வை நிலைப்பதற்கும் கூடுதல் நாள் ஆகும். ஆனால் ஆறிய பிறகு நகர ஒன்றுமில்லை. ஸ்மைல் முறையிலும் மூடி கிடையாது, சில மில்லிமீட்டர் கீறல் மட்டும்.

அறுவைக்கு இனிமேல்தான் போகப்போகிறீர்கள் என்றால், இரும்படிக்கிறவர் என்பதை முன்கூட்டியே சொல்லி எது பொருத்தம் என்று கேளுங்கள். அடிபட வாய்ப்புள்ள தொழிலில் இருப்பவர்களுக்கு மூடி இல்லாத முறையைப் பரிந்துரைப்பது வழக்கம்.

படி 2: டாக்டரிடம் கேட்கும் விதம்

"வேலைக்குப் போகலாமா டாக்டர்?" என்றால், ஆபீஸ் வேலை என்று நினைத்து "நாளைக்கே போங்க" என்பார். இப்படிக் கேளுங்கள்: "சார், கரி உலை முன்னாடி உட்கார்ந்து சம்மட்டி அடிக்கிற வேலை. அனல், சாம்பல், வியர்வை, இரும்புச் செதில் எல்லாம் முகத்துக்கு வரும். எப்போ ஆரம்பிக்கலாம்?" லாசிக்கில் தூசுக்கும் வியர்வைக்கும் ஒன்றிரண்டு வாரம், கண்ணில் அடிபடக்கூடிய விளையாட்டுகளுக்கு ஒரு மாதம் என்று சொல்வார்கள். பட்டறையை இந்த இரண்டாவது வரிசையில் வையுங்கள் என்பது என் கருத்து. பிஆர்கே செய்தவர்கள் பார்வை நிலைக்கும் வரை, அதாவது ஒன்று முதல் மூன்று மாதம், பொறுத்திருக்க வேண்டியிருக்கலாம். முடிவு உங்கள் டாக்டருடையது.

படி 3: பாதுகாப்புக் கண்ணாடி

பட்டறைச் செலவில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) லென்ஸ், பக்கவாட்டு மறைப்பு, புருவத்தோடு ஒட்டி உட்காரும் அமைப்பு. காம்பில் இசட் 87 பிளஸ் (Z87+) அல்லது ஈஎன் 166 (EN 166) என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போட்டுக்கொண்டு குனிந்து பாருங்கள். கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே விரல் நுழைந்தால் செதிலும் நுழையும்.

கூலிங் கிளாஸ் வேண்டாம். வெளிச்சத்தைக் குறைக்கும்; ஆனால் அனல் கதிரைத் தடுக்கும் என்ற நிச்சயம் இல்லை. போதாததற்கு இரும்பின் நிறத்தையும் மாற்றிக் காட்டும். சாதாரண அரிவாள், உளி வேலைக்குத் தெளிவான பாலிகார்பனேட் போதும், தீயையே உற்றுப் பார்க்காமல் இருந்தால். இரும்போடு இரும்பை உலையில் ஒட்டும் வேலை என்றால் மஞ்சளும் வெள்ளையுமான சூட்டை அடிக்கடி உள்ளே பார்க்க வேண்டிவரும். அதற்கு 2 அல்லது 3 ஷேடு (கருமையின் அளவு எண்) வெல்டிங் கண்ணாடி வேண்டும். காலமெல்லாம் உலையனலைப் பார்த்த கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்குக் கண்புரை வந்தது பழைய செய்தி. நம் தொழிலுக்கும் அது பொருந்தும்.

படி 4: பட்டறையை மாற்றுங்கள்

திருப்பாச்சேத்திப் பக்கம் அரிவாள் அடிக்கும் பட்டறை போல, நம் ஊர் உலைகள் பல தரையோடு தரையாக இருக்கும். உட்கார்ந்து செய்ய வசதி, ஆனால் முகம் தீக்கு மிக அருகில். செங்கல் அடுக்கி உலையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, நின்று வேலை செய்யப் பழகுங்கள். அனல் மேலே போகும், முகம் பின்னால் நிற்கும். ஏற்ற முடியாவிட்டால், உலைக்கும் உங்களுக்கும் நடுவில் சின்னத் தகரத் தடுப்பு வையுங்கள்.

சீமைக்கருவேலக் கரி ஈரமாக இருந்தால் படபடவென்று வெடித்துப் பொறி தெறிக்கும். முதல் நாளே வெயிலில் காயப்போடுங்கள். புளோவரை முழு வேகத்தில் திருப்பிவிட்டு மூட்டாதீர்கள். சாம்பல் எழும்பி நேராகக் கண்ணுக்கு வரும். தரையில் தண்ணீர் தெளித்து வையுங்கள். சுத்தமான குடிநீர் பாட்டில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், குடிக்க அல்ல, கண் கழுவ.

படி 5: உலை மூட்டாமல் அடித்துப் பழகுங்கள்

இதைத் தவற விடாதீர்கள். மைனஸ் பவர் கண்ணாடி பொருளைச் சற்றுச் சிறிதாகக் காட்டும். பவர் கூடக் கூட அதிகமாகச் சிறுக்கும். அது போனதும் பட்டடைக்கல் பெரிதாகவும் கிட்டே இருப்பது போலவும் தெரியும். கை பழைய அளவிலேயே வீசும், அடி கொஞ்சம் தள்ளி விழும். பட்டடையின் ஓரத்தில் விழுந்த அடியில் சில்லு தெறிக்கும் என்பதால் இது கண்ணுக்கே ஆபத்து.

மென்மையான கம்பி ஒன்றைப் பட்டடைமேல் வைத்து, சாக்பீஸால் ஒரு விரல் இடைவெளியில் கோடு போடுங்கள். சின்னச் சுத்தியலால் கோட்டின் மேல் மட்டும் விழும்படி மெதுவாகத் தட்டுங்கள். தடம் கோட்டிலேயே தொடர்ந்து விழத் தொடங்கிய பிறகு பெரிய சுத்தியல். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று: முன்பு கண்ணாடியைக் கழற்றி, அரிவாளின் வெட்டு வாயை முகத்தருகே பிடித்துப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிட்டப்பார்வைச் சலுகை இனி கிடையாது. வாய் தீட்டும்போது படிக்கும் கண்ணாடியோ, ரீடிங் பவர் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியோ தேவைப்படும்.

படி 6: நிறம் பார்ப்பது

முதல் சில மாதம், இருட்டில் ஒளிரும் எதைச் சுற்றியும் வளையமோ கதிரோ தெரியலாம். பட்டறை இருட்டாகத்தான் இருக்கும், இரும்பும் ஒளிரும். அதனால் சூட்டை மிகுதியாக மதிப்பிட வாய்ப்பு உண்டு. காந்தத்தைத் துணைக்கு வையுங்கள். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தோடு ஒட்டுவதை நிறுத்திவிடும். அடிக்கிற லாரி ஸ்பிரிங் பட்டையை உலையிலிருந்து எடுத்து, நிழலில் நிறத்தைப் பார்த்து, உடனே குறட்டோடு காந்தத்தின் அருகே கொண்டுபோங்கள். ஒட்டாமல் போகும் அந்த நேரத்து நிறத்தை இன்றைய கண்ணால் மனதில் பதியுங்கள். பதம் ஏற்றுவதற்கான சூடு இதற்குச் சற்று மேலே. எண்ணெயில் தோய்க்கும்போது முகத்தைத் திருப்பி, கை நீட்டித் தோய்க்கவும்.

படி 7: கண் வறட்சியும் புறங்கையும்

தீயைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைவு. லேசருக்குப் பிறகு கண்ணீரும் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் மணல் விழுந்தது போல அரிக்கும். டாக்டர் எழுதித் தந்த, பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டை உலை மூட்டும் முன்பும் இடையிலும் விடுங்கள், கை கழுவிய பிறகு. மருந்தை உலைப் பக்கம் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை இரும்பை உள்ளே வைத்ததும் பார்வையை வாசலுக்குத் திருப்பி நாலு தடவை நன்றாக இமையுங்கள்.

வியர்வையைப் புறங்கையால் துடைக்கும் பழக்கம் இனி வேண்டாம். நெற்றியில் இறுக்கமாகத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கூட வேலை செய்கிறவரிடமும் சொல்லிவையுங்கள்: "தம்பி, நான் கண்ணைத் தேய்க்கப் போனா கையைத் தட்டிவிடு."

கிரைண்டரும் வயர் பிரஷ் சக்கரமும் கடைசியில்தான். அவை கொல்லுலையை விட மோசம். கம்பி பிய்த்துக்கொண்டு அம்பாகப் பாயும். கண்ணாடிக்கு மேல் முகக் கவசமும் போடுங்கள். "கண்ண மூடிக்கிட்டு ஒரே ஒரு டேக்கு வச்சிடுறேன்ணே" என்று பக்கத்தில் யாராவது வெல்டிங் பிடித்தால் வெளியே போய் நில்லுங்கள். பிஆர்கே செய்தவர்களுக்குப் புற ஊதாக் கதிரால் கருவிழியில் மங்கல் வரக்கூடும்.

ஏதாவது விழுந்துவிட்டால்

தேய்க்காதீர்கள். வேட்டி நுனி, தீக்குச்சி, காந்தம் எதுவும் கண்ணருகே வரக்கூடாது. தூசோ சாம்பலோ என்றால் சுத்தமான நீரை மெதுவாக ஓடவிடுங்கள். இரும்பு குத்திப் பதிந்திருந்தால், அல்லது சுத்தியலில் தெறித்த சில்லு வேகமாக வந்து அடித்திருந்தால், கழுவாமல், அழுத்தாமல், கண்ணைக் காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். வலி குறைவு என்பதால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கருவிழியில் பதிந்த இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்க ஆரம்பிக்கும். உள்ளே போனதும் முதல் வார்த்தையாக, லேசர் செய்த கண் என்றும் எந்த முறை என்றும் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து இப்போதே போனில் வைத்துக்கொள்ளுங்கள்.