சேறு பூசினால் மட்டும் வராது

இடைக்கால ஐரோப்பாவைப் படமாக்க வரும் இயக்குநர்கள், கலை இயக்குநரான என்னிடம் முதலில் கேட்பது சேறு. அடுத்து அழுக்கு நிறத் துணி, கறுத்த பற்கள். மூன்றும் மலிவு. மூன்றையும் பூசி முடித்த பிறகும் அந்தக் காலத்தின் கொடுமை திரைக்கு வந்தபாடில்லை. அது குடியிருந்த இடம் தானியப் பெட்டி. திரைக்கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்றைய இங்கிலாந்தில் ஒரு மூட்டை கோதுமை விதைத்தால் மூன்று, நான்கு மூட்டைதான் திரும்பும். அதில் ஒன்று மறு விதைப்புக்கு. பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு. மாவு அரைப்பதும் பிரபுவின் ஆலையில்தான், அதற்கும் தானியமே கூலி. இந்தக் கணக்கைத் தயவுசெய்து வசனத்தில் ஒப்பிக்க வைக்காதீர்கள். அறுவடைக்கு முந்தைய ஜூன் மாதத்தில் ஒரு காட்சி வையுங்கள். பெட்டியின் அடிப்பலகை தெரிகிறது. மூலையில் கட்டிவைத்த விதை மூட்டையைக் குழந்தை அவிழ்க்கப் போகிறது. தாய் கையைத் தட்டிவிடுகிறாள். அவ்வளவு போதும்.

1315இல் வட ஐரோப்பாவில் மழை விடாமல் பெய்து பயிர் அழுகியது. வெயில் இல்லாததால் உப்பு விளையவில்லை. இறைச்சியை உப்பிட்டுக் காக்கவும் வழியில்லை. பசித்தவர்கள் விதை தானியத்தையும் உழவு மாட்டையும் தின்றார்கள். அந்த மூட்டையை முன்பே காட்டியிருந்தால், அது அவிழும் காட்சிக்குப் பின்னணி இசையே தேவைப்படாது.

வீட்டுக்குள் ஒளியமைப்பைக் கவனியுங்கள். குடியானவர் வீட்டில் புகைபோக்கி கிடையாது, ஜன்னலில் கண்ணாடியும் கிடையாது. நடுவில் திறந்த அடுப்பு. புகை மேலே திரண்டு கூரை வழியாக மெல்ல வெளியேறும். ஆகவே எல்லோரும் தாழ்வான முக்காலியில், புகைக்குக் கீழே உட்காரட்டும். கேமராவும் அந்த உயரத்திலேயே இருக்கட்டும். யாராவது எழுந்து நின்றால் இருமட்டும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி (Wharram Percy) என்ற கைவிடப்பட்ட கிராமத்தில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளில் சைனஸ் அழற்சியின் தடயங்கள் இருக்கின்றன. நூறு மெழுகுவர்த்தி ஏற்றிய குடிசையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். குடியானவருக்குக் கிடைத்தது கொழுப்பில் தோய்த்த நாணல் திரிதான்.

பற்களுக்கு வருகிறேன். ஏழைக்குச் சர்க்கரை எட்டாததால் சொத்தைப் பல் இன்றைய அளவுக்கு இல்லை. ஆனால் ஆலைக்கல்லின் மணல் ரொட்டியில் கலந்து பற்களைத் தேய்த்துவிடும். கறுப்புச் சாயத்தை ஒப்பனைக்காரர் தூக்கிப் போட்டுவிட்டு, நடுவயதுக்காரரின் பற்களைத் தட்டையாக்கட்டும். துணியிலும் நிறம் இருக்கட்டும்: மஞ்சிட்டி வகைச் செடி வேரில் சிவப்பும் வோடு (woad) என்ற செடியின் இலையில் நீலமும் எடுத்தார்கள். வெளுத்துப்போன நீலத்தில் தெரியும் வறுமை, பழுப்புச் சாக்கில் தெரிவதில்லை.

சாவைக் காட்டும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். 1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோய் என்றதும் பிணக் குவியலுக்கு ஓடுகிறார்கள். நான் ஒரே வீட்டுக்குள் நிற்பேன். தகப்பன் இறந்துவிட்டான். பல ஊர்களின் வழக்கப்படி வீட்டின் சிறந்த கால்நடை பிரபுவுக்கு, அடுத்தது பாதிரியாருக்கு. பிரபுவின் மேற்பார்வையாளர் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், கயிற்றை அவிழ்க்கிறார். அவரைக் கொடியவராக நடிக்க வைக்காதீர்கள். அன்றைய வேலையை முடித்துவிட்டுப் போகிறவர், அவ்வளவுதான். மகன் தொழுவத்தில் மிஞ்சியதை எண்ணுகிறான்.

குழந்தைகள் நிறையச் செத்ததால் பெற்றோருக்கு மனம் மரத்துப்போயிருக்கும் என்று எழுதுவது சோம்பேறித்தனம். பிறப்பின்போதைய சராசரி ஆயுளைக் கீழே இழுத்தவை குழந்தைச் சாவுகளே. இருபதைத் தாண்டியவர் ஐம்பதையும் பார்க்க முடிந்தது. எனவே கிராமத்தில் கிழவர்களையும் நடமாட விடுங்கள்.

போர்க்காட்சி வேண்டுமென்றால் இன்றைய ஸ்வீடனில் உள்ள விஸ்பியில் 1361இல் நடந்த போரின் புதைகுழிகளைப் பற்றிப் படியுங்கள். காலில் விழுந்த வெட்டுகள் அங்கே ஏராளம். தலை பறப்பதைவிட, முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டு விழுகிறவனைக் காட்டுங்கள்.

கடைசியாக, சாப்பாட்டு மேசையைப் படப்பிடிப்புக்கு முன் ஒருமுறை சோதியுங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம் மூன்றும் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 1492க்குப் பிறகே ஐரோப்பாவுக்கு வந்தன. கிண்ணத்தில் பட்டாணிக் கஞ்சி ஊற்றுங்கள். நடிகர்கள் முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பையும் படமாக்கிக்கொள்ளலாம்.