வளர்ப்புக் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளை: பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்த வீட்டில் இருக்க முடியாமல் போன ஒரு பிள்ளையை வைத்து வளர்க்க ஒரு குடும்பம் முன்வருவது பெரிய காரியம். குழந்தைகள் நலக் குழு விசாரித்து, உத்தரவு போட்டு, பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேரும். அடுத்த வாரமே அது போய் நிற்கும் இடம் பள்ளிக்கூடம். அங்கே நடக்கும் தவறுகளில் பாதி அவசரத்தால் நடப்பவை, மீதி இரக்கத்தால் நடப்பவை. இரக்கத்தால் நடப்பவற்றைத்தான் திருத்துவது கஷ்டம். செய்பவருக்கு நல்லது செய்த திருப்தி இருக்கும், பிள்ளைக்கு மட்டும்தான் வலிக்கும்.

சேலத்தில் குழப்பம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. பெற்றவர்கள் வளர்க்காமல் விடும் குழந்தைகளை அரசு தொட்டிலில் வாங்கித் தத்துக் கொடுக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கிய ஊர் இது. அதனால் வேறொரு வீட்டில் வளரும் பிள்ளை என்றதும் பலருக்கு முதலில் தோன்றுவது தத்துதான். வளர்ப்புப் பராமரிப்பு (ஃபாஸ்டர் கேர்) தத்து இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்வது ஒரு தற்காலிக ஏற்பாடு. பெற்றவர்களின் உறவு அறுந்துவிடாது. குழு மறுத்தாலொழிய அவர்கள் அவ்வப்போது வந்து பார்க்கலாம், நிலைமை சரியானால் பிள்ளை அவர்களிடமே திரும்பலாம். படிப்பு, உடல்நலம், சாப்பாடு எல்லாம் வளர்க்கும் குடும்பத்தின் பொறுப்பு. அவர்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பாட்டியோ சித்தியோ வளர்க்கும் பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள், அது உறவினர் பராமரிப்பு. பள்ளி அலுவலகத்துக்கு இந்த மூன்றுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால், அங்கிருந்து ஒவ்வொன்றாகத் தப்பாகும்.

இனிஷியலை மாற்றாதீர்கள்

முதல் தப்பு சேர்க்கைப் படிவத்தில். தந்தை பெயர் என்ற கட்டத்தில் வளர்க்கும் அப்பா பாசத்தோடு தன் பெயரை எழுதுவார். பார்ப்பவர்களுக்கும் அது நல்ல விஷயமாகவே தெரியும். கல்வித்துறையின் ஆன்லைன் மாணவர் பதிவான எமிஸில் அப்படியே ஏற்றிவிடுவார்கள். இப்போது ஆதாரில் ஒரு இனிஷியல், பழைய டிசியில் அதே இனிஷியல், புதிய பள்ளியில் மட்டும் வேறு. அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகாது. பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல்) தயாரிக்கும்போது தலைவலி ஆரம்பிக்கும். அதற்குள் பிள்ளை பெற்றவர்களிடம் திரும்பியிருந்தால் அலைச்சல் இன்னும் இரட்டிப்பு.

செய்ய வேண்டியது எளிது. பெற்றோர் பெயர் பெற்றோர் பெயராகவே இருக்கட்டும். வளர்க்கும் குடும்பத்தைப் பாதுகாவலர் இடத்தில் எழுதி, குழுவின் உத்தரவு நகலைத் தலைமை ஆசிரியரின் கோப்பில் வையுங்கள். யார் கையெழுத்துப் போடலாம், யார் வந்து கூட்டிப் போகலாம், பெற்ற தாய் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது, எல்லாவற்றையும் சேர்க்கையன்றே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாட்ச்மேன் வாசலில் நின்றபடி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

சேர்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஏற்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் நிறைய. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தருவார், அதுவும் குடும்ப ஆவணங்களைப் பார்த்துத் தருவார். பிள்ளை மலையிறங்கிச் சேலம் நகரத்தில் ஒரு வீட்டுக்கு வந்து, பள்ளிப் பதிவில் தந்தை பெயரும் மாறிவிட்டால், அந்தச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடாகிவிடும். கல்வி உதவித்தொகையும் பின்னால் இட ஒதுக்கீடும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாத பிள்ளை என்றால் சேர்ந்த முதல் மாதத்திலேயே பாதுகாப்பு அலகிடம் சொல்லிவிடுங்கள்.

"டிசி கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்"

இந்தப் பிள்ளைகள் ஜூன் மாதத்துக்காகக் காத்திருந்து வருவதில்லை. நவம்பரில் வருவார்கள், பிப்ரவரியில் வருவார்கள், கட்டியிருக்கும் துணியோடு வருவார்கள். 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை டிசி தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். பழைய பள்ளி எமிஸில் பிள்ளையின் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, விடாவிட்டால், அந்தத் தலைமை ஆசிரியருக்குப் புதிய பள்ளியிலிருந்தே போன் போட்டுக் கேட்கலாம். வளர்க்கும் குடும்பத்தை அலைய விடவேண்டியதில்லை. நடக்கவில்லையா, கல்வித்துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

சேர்த்த பிறகு எந்த வகுப்பு? 11 வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று மூன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது பெரிய கொடுமை. தன்னைவிடத் தலை உயரம் குறைந்த பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தால் அது எத்தனை நாள் பள்ளிக்கு வரும்? வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. பல இடங்களில் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறோம். ஆறாம் வகுப்பில் பேர் இருக்கும், பிள்ளை கடைசி பெஞ்சில் சும்மா இருக்கும். தினமும் அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒரு ஆசிரியர் வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அது தினமும் நடக்க வேண்டும்.

மலையிலிருந்து வந்த பிள்ளையின் பேச்சு வகுப்புக்குப் புதிதாக இருக்கும். யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஆசிரியரும் கலந்துகொண்டால், பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும். பிறகு படிக்கத் தெரியாத பிள்ளை என்று நாமே எழுதுவோம்.

எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒரு பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறது என்ற செய்தி ஸ்டாஃப் ரூமில் தொடங்கி, சத்துணவுக் கூடம் வழியாக, இரண்டே நாளில் வகுப்புக்குள் வந்துவிடும். "பாவம், அதுக்கு யாருமில்ல" என்று சொல்லித்தான் பரப்புவார்கள். அப்புறம் விழாவன்று மேடைக்கு அழைத்து, ஒரு நன்கொடையாளர் கையால் நோட்டும் பையும் கொடுத்து, போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்திலோ வேறு வழியிலோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுக்க நினைப்பவர் தலைமை ஆசிரியர் அறையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். நோட்டு அதே நோட்டுதான்.

விவரம் தெரிய வேண்டியவர்கள் தலைமை ஆசிரியரும் வகுப்பாசிரியரும் மட்டும். அவர்களில் ஒருவர் பிள்ளை வந்து பேசக்கூடிய ஆளாக இருந்தால் போதும். வந்து பேசும்போது வீட்டில் அடிக்கிறார்கள், யாரோ தப்பாகத் தொடுகிறார்கள் என்று ஏதாவது வெளிவந்தால், அதை ரகசியமாக வைக்கக் கூடாது. உடனே குழந்தைகள் உதவி எண் 1098.

அரசு அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. குழு இந்தக் குடும்பங்களை மாதாமாதம் பார்வையிட வேண்டும் என்பது சட்டம், நல்ல சட்டம். ஆனால் வகுப்பு நடக்கும்போது வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே அழைத்துப் போனால், மீதி நாற்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் போய்ப் பாருங்கள். பள்ளியில்தான் பார்க்க வேண்டுமென்றால் விடும் நேரத்தில் வாருங்கள்.

வகுப்பறையில் வாய்தவறி வரும் சொற்களும் உண்டு. "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பது நம் பள்ளிகளில் அனிச்சையாக வரும் வாக்கியம். "வீட்டிலிருந்து பெரியவங்க யாராவது வரட்டும்" என்று சொன்னால் வேலை நடந்துவிடும். குடும்ப மரம் வரை, சின்ன வயசுப் போட்டோ கொண்டுவா என்ற செயல்பாடுகளில் 'உனக்குப் பிடித்த ஒருவர்' என்று ஒரு வழி திறந்து வையுங்கள். பெற்றவர்களைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளும், ஆடி நோன்பி, பொங்கல் விடுமுறை முடிந்து வரும் வாரத்திலும், பிள்ளை முரண்டு பிடிக்கலாம், தூங்கி விழலாம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அடிக்கவோ திட்டவோ வேண்டாம். அடிப்பதும் மனத்தை வதைப்பதும் எந்தப் பிள்ளைக்கும் தடை என்பது தனி விஷயம்.

அதே சமயம், பாவம் என்று வீட்டுப்பாடம் கேட்காமல் விடுவதும் தவறு. பரீட்சையில் இரண்டு மார்க் கூட்டிப் போடுவது உதவியே இல்லை. உன்னால் முடியாது என்று நாம் முடிவு கட்டிவிட்டதைப் பிள்ளை உடனே புரிந்துகொள்ளும்.

நல்ல பள்ளி ஆசை

சேலம், நாமக்கல் பக்கம் மார்க்குக்குப் பேர்போன தனியார் பள்ளிகள் அதிகம். வளர்க்கும் குடும்பம் நல்ல மனதோடு, எட்டாவதில் அரசுப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியாரில் சேர்க்க நினைக்கும். முடிவெடுக்கும் முன் ஒன்றைச் சொல்லுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் ஆர்.டி.இ. இடத்தில் படித்தவர்களுக்கு மட்டும் தனி விதி உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்ததைப் பார்க்கும். நடுவில் ஒரு வருடம் மாறினாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். 18 வயதோடு வளர்ப்புப் பராமரிப்பு முடியும் பிள்ளைக்கு அந்த மாதப் பணமும் ஒதுக்கீடும் சின்ன விஷயம் இல்லை.

போகும்போது

ஒருநாள் உத்தரவு மாறும். பிள்ளை பெற்றவர்களிடமோ இன்னொரு குடும்பத்துக்கோ போகும். முடிந்தால் அந்த வருடப் பரீட்சை வரை அதே பள்ளியில் தொடர வழி இருக்கிறதா என்று குழுவிடம் தலைமை ஆசிரியரே கேட்கலாம். பல சமயம் யாரும் கேட்பதில்லை. போகத்தான் வேண்டுமென்றால் வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். டிசியை அன்றே கொடுங்கள், எமிஸில் அன்றே விடுங்கள். சாதிச் சான்றிதழ் மனு எந்த நிலையில் இருக்கிறது, உதவித்தொகை எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது என்று எழுதித் தாருங்கள். அதோடு வகுப்பாசிரியர் கைப்பட ஒரு பக்கம்: எந்தப் பாடம் வரை முடித்திருக்கிறது, வாசிப்பு எப்படி, கணக்கில் எங்கே தடுமாறும், கரும்பலகை தெரிய எந்த வரிசையில் உட்கார வேண்டும், எதைச் சொன்னால் அழும். வகுப்புத் தோழர்களிடம் சொல்லிக்கொண்டு போக ஒரு பீரியட் கொடுங்கள். அந்தப் பக்கத்தை மடித்து டிசியோடு பின் பண்ணி, தலைமை ஆசிரியர் பெயருக்கு ஒட்டிய கவரில் அனுப்புங்கள்.