பம்ப்பைக் கழற்றும் முன்: பழைய காரில் பெட்ரோல் பிரஷர் குறைந்தால் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் பட்டறைக்கு ஒரு பழைய எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) கார் வந்தது. ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் வண்டி இழுக்கவில்லை, மிதித்தால் திணறுகிறது என்றார் ஓனர். அவரிடம் பேசிவிட்டு நான் திரும்புவதற்குள் புதிதாகச் சேர்ந்த தம்பி, டேங்குக்குள் இருக்கும் பம்ப்பை எடுக்கப் பின் சீட்டைத் தூக்கிவிட்டான். "பம்ப்பு போயிருச்சுங்கண்ணா" என்றான். கையில் ஸ்பேனர் இருந்தது. பிரஷர் அளக்கும் கேஜ் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் சீட்டைத் தூக்கினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, ஃபியூஸ் எரிந்திருக்கிறதா என்பதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சத்தத்தை நம்புவது

சாவியைத் திருப்பியதும் பின்னால் இரண்டு விநாடி உறுமல் கேட்கும். அதை வைத்து மோட்டார் சுற்றுகிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். பிரஷரைச் சொல்ல கேஜ் வேண்டும்.

ஐடிலிங்கில் மட்டும் கேஜைப் பார்ப்பது

கேஜ் மாட்டும் முன் லைனில் நிற்கும் பிரஷரை இறக்குங்கள். பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விட்டால் போதும். அப்புறம் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஜாயிண்டைத் தளர்த்தலாம்.

ரிட்டர்ன் லைன் (மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) உள்ள பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில், பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு இன்ஜின் உறிஞ்சலைக் கொண்டுவரும் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 3 பாருக்குப் பக்கத்தில், அதாவது 43 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். ஹோஸை மாட்டினால் ஐடிலிங்கில் அரை பார் வரை இறங்கும். சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். கழற்றிய வேக்குவம் ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஐடிலிங்கில் இன்ஜின் குடிப்பது கொஞ்சம்தான். தேய்ந்த பம்ப்கூட அந்த நேரத்தில் பிரஷரைப் பிடித்துக் காட்டிவிடும். போன வாரத்து வண்டியும் நின்ற இடத்தில் 2.4 பார் காட்டியது, தம்பியும் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். கேஜை பானெட்டுக்கு வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் வைப்பர் அடியில் கட்டி, மேட்டில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்துப் பார்த்தோம். அப்படி மிதிக்கும்போது வேக்குவம் போய்விடும், அதனால் முள் 3 பாரை நோக்கி ஏற வேண்டும். எங்களுக்கு 1.7க்கு இறங்கியது. கேஜை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வண்டிக்குள் கொண்டுவராதீர்கள். ஹோஸ் பிய்த்துக்கொண்டால் பெட்ரோல் மடியில் கொட்டும்.

வோல்டேஜ் அளக்காமல் பம்ப்பை மாற்றுவது

இத்தனை வருடம் ஆகியும் இதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு முன் வந்ததும் ஒரு சின்ன கார். ரிட்டையர்ட் வாத்தியார் ஒருவருடையது. இதே திணறல்தான். கேஜில் பிரஷர் குறைவு என்று பார்த்தேன், பம்ப் மாற்றினேன். பம்ப் மட்டும் 6,000 ரூபாய். வண்டி பறந்தது, அவரும் சந்தோஷமாகப் போனார். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். பம்ப்பில் ஏதோ குறை என்று நினைத்து இன்னொன்று போட்டேன். மறுபடி பறந்தது. ஒரு மாதத்தில் மறுபடி வந்தார். "தம்பி, நீங்க நல்லாத்தான் செய்யறீங்க, வண்டிக்குத்தான் வயசாயிருச்சு போல" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த கடை எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மல்டிமீட்டரை எடுத்தார். பம்ப்புக்கு வயர் வந்து சேரும் கப்ளரைக் கழற்றவில்லை, இன்ஜினையும் நிறுத்தவில்லை. மெல்லிய ஊசி ஒன்றைக் கப்ளரின் பின்பக்கம் வயரோடு ஒட்டி உள்ளே விட்டு அளந்தார். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப்பில் 10.4. மூன்றரை வோல்ட் வழியில் தொலைந்துவிட்டது. அப்புறம் மீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பைப் பம்ப்பின் எர்த் பின்னிலும் வைத்தார். 3 வோல்ட். அந்த இடத்தில் கால் வோல்ட், அரை வோல்ட்டுக்கு மேல் வரவே கூடாது.

கப்ளரைப் பிரித்துக் காட்டினார். எர்த் பின்னில் பச்சை பூத்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக், தேநீர்க் கறை பிடித்த மாதிரி பழுப்பாக மாறியிருந்தது. அந்த பம்ப் 5 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. பின்னில் 0.6 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும், 15 வாட் சூடு அந்தக் குண்டூசி முனையளவு இடத்தில் இறங்கும். பிளாஸ்டிக் கருகியது அதனால்தான். பம்ப் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் லோடில், அதாவது மிதித்து இழுக்கும்போது, பிரஷர் விழும்.

அப்படியானால் புது பம்ப் போட்டதும் ஏன் சரியானது? பம்ப் மாற்ற வேண்டுமென்றால் கப்ளரைக் கழற்றி மாட்டியாக வேண்டும். கழற்றி மாட்டும்போது பின் உரசி, பச்சை கொஞ்சம் விலகி, சில வாரத்துக்குத் தொடுப்பு நன்றாகிவிடுகிறது. நான் சரிசெய்ததாக நம்பியது அந்த உரசலைத்தான். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பம்ப் மாற்றினேன், வண்டி ஓடுகிறது, அதனால் பம்ப்தான் குறை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கழற்றும் முன் அளக்காவிட்டால் அந்தக் குறையை நம் கையாலேயே மறைத்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்ளரைப் பிரித்து வைத்துக்கொண்டு மீட்டரை வைத்தால் 12 வோல்ட் அழகாக வரும். கரண்ட் ஓடாதபோது கெட்ட தொடுப்பிலும் முழு வோல்டேஜ் காட்டும். ஓமில் அளந்தால் 0.6 என்று வரும், அது ஒன்றுமில்லை என்று தோன்றும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, பாசிட்டிவ் வழி, எர்த் வழி இரண்டையும் தனித்தனியாக அளந்தால்தான் உண்மை தெரியும். பாசிட்டிவில் விழுந்தால் ரிலேயின் பாயிண்ட் கருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பச்சை பிடித்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விடாதீர்கள், மேல்பூச்சு போய் மறுபடி பூக்கும். புது பின் போட்டு கிரிம்ப் பண்ணுங்கள், அதாவது வயரோடு நெரித்து இறுக்குங்கள்.

வாத்தியாருக்கு இரண்டு பம்ப்பின் காசையும் திருப்பிக் கொடுத்தேன்.

ரிட்டர்ன் ஹோஸை நெரித்தபடியே விடுவது

ரெகுலேட்டரா பம்ப்பா என்று பிரிக்க நல்ல வழி ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை நெரிப்பது. நெரித்ததும் பிரஷர் ஏறினால் பம்ப்புக்குத் தெம்பு இருக்கிறது, ரெகுலேட்டர் விட்டுவிடுகிறது. ஏறவே இல்லையென்றால் சப்ளை பக்கம் குறை. ஆனால் ஒரு விநாடி, இரண்டு விநாடி போதும். நல்ல பம்ப்பாக இருந்தால் பிரஷர் சட்டென்று 5 பாரைத் தாண்டும், பழைய ஹோஸ் வெடிக்கும். விரல்பட்டாலே வெடிப்பு தெரிகிற ஹோஸாக இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஃபில்டர்

எப்போது மாற்றியது என்று ஓனருக்கு நினைவில்லையா? மாற்றிவிட்டு அப்புறம் அளங்கள்.

கார்புரேட்டர் வண்டிக்கு அதே கேஜ்

பழைய அம்பாசிடர், ஆரம்பகால மாருதி 800 எல்லாம் இன்ஜினோடு ஓடும் மெக்கானிக்கல் பம்ப். அதில் வருவதே 0.2, 0.3 பார்தான். 10 பார் கேஜில் முள் அசையாது.

டேங்குக்குள் கைக்குக் கிடைத்த ஹோஸைப் போடுவது

போன வாரத்து வண்டிக்கு வருகிறேன். லோடில் 1.7 பார். ஃபில்டரை மாற்றியும் அதே எண். பம்ப்பில் 13.5 வோல்ட், எர்த்தில் 0.1. ரிட்டர்னை நெரித்தோம், முள் கொஞ்சம்கூட ஏறவில்லை. இப்போது சீட்டைத் தூக்கலாம் என்று தம்பியிடம் சொன்னேன்.

பம்ப் அசெம்பிளியை வெளியே எடுத்தோம். பம்ப்பையும் மேல் மூடியின் பைப்பையும் இணைக்கும் இரண்டு அங்குல ரப்பர் ஹோஸ் ஊறி உப்பி, கிளாம்ப் ஓரத்தில் நகம் நுழைகிற அளவு பிளந்திருந்தது. முன்பு யாரோ பானெட்டுக்குள் போடுகிற சாதாரண பெட்ரோல் ஹோஸை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதன் உள்சுவர்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிச்சுவர் தாங்காது. டேங்குக்குள் இரண்டு பக்கமும் பெட்ரோல்தானே. பிளவு வழியாகப் போவது டேங்குக்கே திரும்பிவிடுவதால் தரையில் ஒரு சொட்டு விழாது, வாசனையும் வராது. ஐடிலிங்குக்கு மீதி போதும், மலைக்குப் போதாது.

டேங்குக்குள் மூழ்கிக் கிடப்பதற்கென்றே தனி ஹோஸ் இருக்கிறது, எஸ்ஏஇ 30ஆர்10 என்று மேலே அச்சிட்டிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துத் தம்பியே போட்டான், கிளாம்ப்பும் புதிது. பம்ப் பழையதுதான். அதே மேட்டில், அதே மூன்றாவது கியரில் மிதித்தோம். முள் 2.9க்கு ஏறி அங்கேயே நின்றது.