வல்வெட்டித்துறைக் கப்பலை லெகோவில் கட்டுவோம்

லெகோவில் பாய்க்கப்பல் கட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மேல்தளத்தில்தான் கை வைக்கிறார்கள். பீரங்கி, கொடி, ஆட்கள் எல்லாம் வந்துவிடும். கப்பலின் உடல் மட்டும் சவர்க்காரப் பெட்டி மாதிரி இருக்கும். பார்த்தவுடன் கப்பல் என்று கண்ணுக்குப் படுவது அந்த உடலின் வளைவால்தான். அதனால் வளைவைப் பற்றித்தான் இதில் நிறையச் சொல்லப் போகிறேன்.

எந்தக் கப்பலைக் கட்டுவது? கற்பனைக் கப்பலை விட, அளவு தெரிந்த உண்மைக் கப்பல் நல்லது. நான் எடுத்தது அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்ப மரத்தில் கட்டிய கப்பல். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று தன் மனைவியின் பெயரை வைத்தார். எங்கள் ஊர் மாலுமிகள் அதை ஓட்டிப்போய், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரம் இரண்டு.

அளவு

லெகோக் கட்டியின் மேலே புடைத்திருக்கும் குமிழ் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீற்றர். மெல்லிய தட்டைக் கட்டியின் உயரம் 3.2 மில்லிமீற்றர். 48இல் ஒரு பங்காகக் கட்டினால் ஒரு குமிழ் என்பது ஒன்றேகால் அடி. உயரத்தில் இரண்டு தட்டை என்பது ஒரு அடி. இந்த இரண்டு கணக்கையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள், அடிக்கடி தேவைப்படும். அதன்படி அன்னபூரணி 71 குமிழ் நீளம், 15 குமிழ் அகலம். கிட்டத்தட்ட 57 சென்ரிமீற்றர். வீட்டு மேசையில் வசதியாக வைக்கலாம். அகலம் ஒற்றைப்படை எண்ணாக வந்தது நல்லதுக்கே, பாய்மரம் சரியாக நடுக்குமிழில் நிற்கும்.

முதல் கப்பல் என்றால் தண்ணீருக்கு மேலே தெரியும் பாகத்தை மட்டும் கட்டுங்கள். கீழ்ப்பாகம் அடுத்த கப்பலுக்கு இருக்கட்டும்.

உடல்

கட்டம் போட்ட கொப்பித் தாளில் மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவத்தை வரையுங்கள். ஒரு கட்டம் ஒரு குமிழ். பக்கத்தோற்றம் இன்னொரு தாளில். இங்கேதான் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தளம் நேர்கோடாகப் போகாது. நடுவில் தாழ்ந்து, அணியம் என்ற முன்புறத்திலும் பின்புறத்திலும் உயரும். வீட்டில் படம் மட்டும் பார்க்காமல், ஒரு நாள் கடற்கரைக்குப் போய் ஏற்றி வைத்திருக்கும் வள்ளத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தக் கோடு விளங்கும்.

பிறகு நடுத்தண்டு. முழு நீளத்துக்கும் இரண்டு அடுக்குக் கட்டிகளை, செங்கல் கட்டுவது போல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் வையுங்கள். என் முதல் தண்டு ஒரே அடுக்கு. தூக்கியபோது நடுவில் விட்டுப்போய், இரண்டு கிழமை வேலை நிலத்தில் கிடந்தது. துளையுள்ள ரெக்னிக் கட்டிகள் கிடைத்தால் அவற்றையே போட்டு ஆணி செருகுங்கள், அசையாது.

தண்டுக்குக் குறுக்கே எட்டுக் குமிழுக்கு ஒன்றாக ஒன்பது வங்குகள். நெஞ்சுக்கூட்டில் விலா எலும்பு இருப்பது போல. ஒவ்வொன்றின் நீளத்தையும் வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டும். வங்கின் இரு முனையிலும் ஒரு கீல் கட்டி. அந்தக் கீலில்தான் பக்கப் பலகைகள் தொங்கும். ஒவ்வொரு பலகையும் நேரானதுதான். ஆனால் கீல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதால் தூரத்திலிருந்து ஒரே வளைவாகத் தெரியும். பலகைகளுக்கிடையே மெல்லிய இடைவெளி வரும். அதை அடைக்க நீளத் தட்டைகளைப் பலவந்தமாக வளைக்காதீர்கள். பழைய மண்ணிறக் கட்டிகள் சுலபமாக வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் கலப்புப் பையில் அவைதான் அதிகம்.

தளத்துப் பலகை

இந்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தளத்தில் வழவழப்பான கட்டிகளை அடுக்கினால் ஒவ்வொரு பலகையும் ஒன்றேகால் அடி அகலமாகத் தெரியும். அவ்வளவு அகலப் பலகை தளத்துக்குப் பொருந்தாது. பதிலாகத் தட்டைக் கட்டிகளை விளிம்பில் நிறுத்துங்கள். அப்போது மேலே தெரிவது 3.2 மில்லிமீற்றர், அதாவது அரை அடி. தளப் பலகைக்கு அதுதான் அளவு. ஐந்து தட்டைகள் சேர்ந்தால் சரியாக இரண்டு குமிழ் அகலம், எனவே மற்றக் கட்டிகளோடு பிசகாமல் உட்காரும். பக்கத்தில் குமிழ் உள்ள கட்டிகளைக் கீழே வைத்து அவற்றில் மாட்டுங்கள். வெளிர்மஞ்சளுக்கு நடுவே இரண்டொரு மண்ணிறத் தட்டையை ஒழுங்கில்லாமல் செருகிப் பாருங்கள். வெயிலில் காய்ந்த மரம் மாதிரியே இருக்கும்.

பாய்மரமும் கயிறும்

உருண்டையான ஒரு குமிழ்க் கட்டிகளை அடுக்கி, உள்ளே 3 மில்லிமீற்றர் மூங்கில் குச்சியை விடுங்கள். லெகோ தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் குச்சி பரவாயில்லை, மரம் நிமிர்ந்து நிற்பதுதான் முக்கியம். உச்சிக்குப் போகும்போது மெல்லிய தண்டு மட்டும் போதும். இரண்டு மரத்தையும் ஒரு கடுகளவு பின்னால் சாயுங்கள்.

முன்மரத்தில் குறுக்கே பருமல் என்ற கழியைக் கட்டி அதில் சதுரப் பாய். பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் பாய். இது மாறினால் கப்பலின் இனமே மாறிவிடும்.

கயிற்றுக்குப் பட்ட நூல். தைப்பொங்கலுக்கு ஏற்றிய பட்டத்தில் மிச்சம் இருந்தால் அதுவே போதும். மரத்தைப் பிடித்து நிறுத்தும் கயிறுகள் உண்மைக் கப்பலில் தார் பூசியவை, ஆகவே கறுப்பு நூல். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் நிறம். முதலில் முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்பவை, அப்புறம் பக்கத்துக் கயிறுகள். இடப்பக்கம் ஒன்று கட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மற்றப் பக்கம் வந்தால் மரம் வளைந்துவிடும்.

பாய்க்குப் பழைய வேட்டித் துண்டு. வெறுந்தேத்தண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவையுங்கள், புதுத்துணியின் வெள்ளை போய்விடும். பென்சிலால் 12 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு இழுத்தால் துணிகளைச் சேர்த்துத் தைத்த மடிப்பு மாதிரி வரும். பிறகு சோற்றுக் கஞ்சியில் நனைத்து, ஒரு சோடாப் போத்தலின் வயிற்றில் போர்த்திக் காயவிடுங்கள். எடுக்கும்போது காற்றுப் பிடித்த பாய் போலவே புடைத்திருக்கும். பாயைக் கடைசியில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் கயிறு கட்டக் கை போகாது.

கட்டி முடித்ததும் கடலில் தொழில் செய்த பெரியப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து மேசை மட்டத்தில் கண்ணை வைத்து நிறைய நேரம் பார்த்தார். "தம்பி, அணியம் தண்ணிக்குள்ள குத்துற மாதிரி இருக்கு. இன்னும் ஒரு அடி தூக்க வேணும்" என்றார். அன்று இரவே முன்பக்கத்தைக் கழற்றி இரண்டு தட்டை உயர்த்தினேன்.