ஆடிக் காற்றும் ஒரு பட்டனும்: வடசென்னையில் டிரோன் பறக்கவிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர் கடலோரக் கற்கள் மேல், தண்டையார்பேட்டை மொட்டை மாடிகளில், எண்ணூர் முகத்துவாரத்தில் என்று புதிதாக டிரோன் கிளப்புகிறவர்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறார்கள். பழைய ஆட்கள் என்றைக்கோ பட்டுத் தெளிந்த தவறுகளையே இவர்களும் திரும்பச் செய்கிறார்கள். ப்ராப்பை (சுழலும் இறக்கையை) மாற்றி மாட்டுவது, மெமரி கார்டை மறந்துவிட்டு வருவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடலாம். டிரோனையே பறிகொடுக்க வைக்கிற, அல்லது ஸ்டேஷன் வரை இழுத்துப் போகிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

ஏர்போர்ட் தூரம் என்ற தைரியம்

ராயபுரத்திலிருந்து மீனம்பாக்கம் 15 கிலோமீட்டருக்கு மேல். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் ஏர்போர்ட்டுக்கான கட்டுப்பாடு இல்லை என்பதும் சரிதான். அதை வைத்துக்கொண்டு வடசென்னை முழுக்கப் பச்சை, அதாவது அனுமதி கேட்காமல் பறக்கலாம் என்று முடிவு கட்டுவதுதான் தப்பு. இந்தப் பக்கம் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, மணலி சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டு அனல் மின் நிலையம், புழல் சிறை. தெற்கே கொஞ்சம் இறங்கினால் கோட்டையும் தலைமைச் செயலகமும். டிரோன் விஷயத்தில் தென்சென்னையைவிட நமக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும்.

மத்திய அரசின் டிரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஏர்போர்ட்டிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்துக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, டிரோன் கம்பெனியின் ஆப் காட்டும் வரைபடத்தை அரசு வரைபடம் என்று நினைப்பது. ஆப் தடுக்காமல் மோட்டார் சுற்றிவிட்டால் அனுமதி கிடைத்ததாக அர்த்தம் இல்லை. இரண்டு, போன மாதம் பச்சையாக இருந்தது என்று இன்றைக்குப் பார்க்காமல் கிளப்புவது. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க 2021 டிரோன் விதிகளில் இடம் இருக்கிறது. பிரதமர் வருகை, சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் மாநகரக் காவல்துறை தனியாகவும் தடை போடும். அன்றைய வரைபடத்தை அன்றே பாருங்கள், தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

249 கிராம் எப்போதும் 249 கிராம் இல்லை

விதிப்படி 250 கிராம் வரை எடையுள்ள டிரோன் நானோ. அதைத் தாண்டி 2 கிலோ வரை மைக்ரோ. பலரும் 249 கிராம் மாடலை வாங்கிவிட்டு, அதில் ப்ராப் கார்டு மாட்டி, இரவு விளக்கு ஒட்டி, கூடுதல் நேரம் பறக்கிற பெரிய பேட்டரியையும் போட்டுவிடுகிறார்கள். பெரிய பேட்டரி மட்டும் போட்டாலே எடை 290 கிராம் பக்கம் போய்விடும். அந்த நிமிடமே அது மைக்ரோ; மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விதி பார்ப்பது பறக்கும்போது இருக்கிற மொத்த எடையை, பெட்டியில் அச்சிட்டதை இல்லை. சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் மாட்டி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதே டிரோனில் காசு வாங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் நீராட்டு விழா எடுத்தால் தேவை. டிரோனைப் பதிவு செய்யும்போது தரும் யூஐஎன் எண்ணுக்குக் கட்டணம் 100 ரூபாய்தான். விதி மீறினால் அபராதம் 1 லட்சம் வரை போகலாம்.

பில் இல்லாத வெளிநாட்டு டிரோன்

வாங்காதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து முழு டிரோன் இறக்குமதிக்குத் தடை. பதிவு செய்யப் போகும்போதுதான் விலை குறைவு ஏன் என்று புரியும்.

வீடு திரும்பும் பட்டனை நம்பிக் கடலுக்குள் அனுப்புவது

அழுத்தினால் டிரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்பி வருகிற பட்டன் இது. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடசென்னைக் கடலுக்கடியில் கிடக்கும் டிரோன்களில் பெரும்பாலானவை பழுதாகி விழுந்தவை இல்லை. நல்ல நிலையில், சொன்னதைச் சொன்னபடி கேட்டு, பேட்டரி தீர்ந்து இறங்கியவை. ஒவ்வொரு ஆடியிலும் இது நடக்கிறது. ஒவ்வொரு முறையும் 'சிக்னல் போயிடுச்சு' என்றுதான் காரணம் சொல்கிறார்கள். சிக்னல் கடைசி நொடி வரை இருந்திருக்கும். அதனால்தான் இது இவ்வளவு எரிச்சல்.

நடப்பது இப்படி. ஆடி மாதம், காலை எட்டரை மணி, திருவொற்றியூர் கரை. அம்மியையே பறக்கவைக்கும் காற்று என்று ஊரே சொல்கிற மாதம். ஆனால் கரையில் நிற்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் காலை நேரக் காற்று மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும். பின்னால் வரிசையாக இருக்கும் வீடுகள் அதை மறைத்துவிடும். கையில் பிடித்த துண்டு லேசாக ஆடும், அவ்வளவுதான். 60 மீட்டர் மேலே அதே காற்று இரண்டு மடங்காகக்கூட இருக்கலாம்.

ஒருவர் 249 கிராம் டிரோனைக் கிளப்பி, வலை இழுக்கும் ஃபைபர் படகுகளை எடுக்க 900 மீட்டர் கடலுக்குள் அனுப்புகிறார். நொடிக்கு 10 மீட்டர் வேகம், ஒன்றரை நிமிடத்தில் போய்விடுகிறது. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பேட்டரியும் குறையவில்லை. அவருக்குச் சந்தோஷம். படகுகளை நிதானமாகச் சுற்றி எடுத்து, 45 சதவீதம் ஆனதும் வீடு திரும்பும் பட்டனை அழுத்துகிறார். போனது ஒன்றரை நிமிடம், கையில் இருப்பது பாதி பேட்டரி. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

டிரோன் முதலில் என்ன செய்கிறது? செட்டிங்கில் இருந்த 100 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. காற்று இன்னும் பலமாக வீசும் இடத்துக்குத் தானாகவே போகிறது. பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி, முன்பக்கம் சாய்ந்து தள்ளுகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகக்கூடிய வேகம் நொடிக்கு 12 மீட்டர், எதிர்க்காற்று 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2 மீட்டர். 900 மீட்டருக்கு 450 நொடி, ஏழரை நிமிடம். முழுச் சாய்வில் நிமிடத்துக்கு 5 சதவீதம் தீர்கிறது என்றால், 7 நிமிடத்தில் 10 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்த அளவில் பல மாடல்கள் தாமாகவே தரையிறங்கத் தொடங்கும். அதை ரத்து செய்ய முடியாது. 7 நிமிடத்தில் கடந்தது 840 மீட்டர். கரைக்கு 60 மீட்டர் இருக்கும்போது, எல்லார் கண்ணெதிரேயும், நிதானமாக நேராகத் தண்ணீரில் இறங்குகிறது.

அந்த நிலைமையிலும் காப்பாற்ற வழி இருந்தது. வேகம் 2, 3 என்று காட்டிய முதல் பத்து நொடிக்குள் தானியங்கித் திரும்புதலை ரத்து செய்ய வேண்டும். உயரத்தை 20, 25 மீட்டருக்குக் குறைக்க வேண்டும். கீழே காற்று தளர்வாக இருக்கும். வேகம் கூடிய ஸ்போர்ட் மோடுக்கு மாற்றி, ரிமோட்டின் ஸ்டிக்கை முழுதாக முன்னே தள்ள வேண்டும். தடை உணரும் சென்சார்கள் ஸ்போர்ட்டில் வேலை செய்யாது என்பதால் படகுக் கம்பம், விளக்குக் கம்பம் மேல் கண் வேண்டும். கேமராவை நேராக வைத்து, கரையில் தெரிகிற ஏதாவது ஓர் அடையாளத்தைக் குறியாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தண்ணீர்ப் பரப்புக்கு மிக அருகில் இறக்கவும் கூடாது. அலையின் பளபளப்பு அடிப்பக்க சென்சாரைக் குழப்பிவிடும்.

இந்த நிலைமை வராமலே இருக்கக் கிளப்பியதும் ஒரு சோதனை போதும். 50 மீட்டருக்கு ஏற்றி, இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டு அரை நிமிடம் நிற்க விடுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றால் காற்று அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. இப்போது அந்தக் காற்றுக்கு எதிராக முழு ஸ்டிக் கொடுத்து, திரையில் வேகத்தைப் பாருங்கள். சாதாரண மோடில் 10 வர வேண்டிய இடத்தில் 5 தான் வருகிறது என்றால், அந்த 5 தான் உங்கள் திரும்பும் வேகம். 300 மீட்டர் போனால் திரும்ப ஒரு நிமிடம், 900 போனால் மூன்று நிமிடம் என்று அங்கேயே மனக்கணக்கு போட்டுவிடலாம். 4-க்குக் கீழே வந்தால் இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

முடிந்தவரை எதிர்க்காற்றில் போய், காற்றோடு திரும்புங்கள். காலை மேலக்காற்றில் கடல் பக்கம் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் கணக்கு தலைகீழாகும். அப்போது கடல் பக்கம் போனது தானே திரும்பிவிடும். திருவொற்றியூர் மாடியில் கிளப்பியதுதான் மேற்கே மணலி தொட்டிகளைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை. ஆக, எந்த மாதம், எந்த நேரம் என்று தெரியாமல் பேட்டரி சதவீதத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

திரும்பும் உயரத்தையும் இடத்துக்கு இடம் மாற்றியே ஆக வேண்டும். திறந்த கரையில் 30 மீட்டர் போதும். அதே 30 மீட்டரோடு வியாசர்பாடி அடுக்குமாடிகள் நடுவே கிளப்பினால் பத்தாவது மாடிச் சுவரில் வந்து மோதும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும் உயர் அழுத்தக் கம்பிகள் இன்னும் மோசம். கோபுரம் கண்ணுக்குத் தெரியும், கம்பி எந்த சென்சாருக்கும் சரியாகத் தெரியாது. அங்கே ஒரே வழி, கம்பியின் இந்தப் பக்கமே பறப்பது.

ஹோம் பாயிண்ட் (திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானது என்று குரலோ செய்தியோ வருவதற்குள் கிளப்புவதும் இதே ரகம். ஜிபிஎஸ் பிடிக்காமல் ஏறிய டிரோன், நடுவானில் எங்கே பிடித்ததோ அதையே வீடு என்று குறித்துக்கொள்ளும். காசிமேட்டிலிருந்து படகில் போய், படகிலிருந்தே கிளப்புகிறவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. படகு நகர்ந்துவிடும், வீடு தண்ணீரிலேயே நிற்கும். படகில் தானியங்கித் திரும்புதலை மறந்துவிடுங்கள். கையால் ஓட்டி, கையில் பிடிக்கத் தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது.

இன்னொன்று. 900 மீட்டரில் 249 கிராம் டிரோன் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. 300 மீட்டரிலேயே புள்ளியாகிவிடும். பொழுதுபோக்கு மாடல்களுக்கு விதி தருகிற சலுகையே கண்பார்வைக்குள் பறப்பவர்களுக்குத்தான். அந்த ஒரு விதியை மதித்திருந்தாலே மேலே சொன்ன டிரோன் மூழ்கியிருக்காது.

மொட்டை மாடியில் தரையோடு வைத்துக் கிளப்புவது

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி டிரோனின் காம்பஸை (திசைகாட்டியை) கெடுக்கும். கிளம்பியதும் டிரோன் வட்டமடித்துக்கொண்டே விலகினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்துக் கிளப்புங்கள். மாடிக் கம்பிக் கைப்பிடி, செல்போன் டவர், தகரக் கூரை இவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள். காம்பஸைச் சரிப்படுத்தும் அளவீட்டை (கேலிப்ரேஷன்) மாடியில் செய்யாதீர்கள், மைதானத்தில் செய்துகொண்டு வாருங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும், உங்கள் மாடியோ அதைவிடக் குறுகல். கிளப்பியதும் நேராக 7 மீட்டருக்கு மேல் ஏற்றினால் பல மாடல்கள் கீழே இருக்கும் இடத்தைப் படமாகப் பதிந்துகொண்டு, திரும்பும்போது சரியாக இறங்கும். அப்படியும் கடைசிப் பத்து மீட்டரைக் கையால் ஓட்டுவதே நல்லது. இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் இறங்கும்.

பக்கத்து மாடி

கேமராவைத் திருப்பாதீர்கள். குளிக்கும் இடமும் துணி காயும் இடமும் அங்கேதான்.

மாஞ்சா

சென்னையில் மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் ஞாயிறு மாலைகளில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வானத்தில் காத்தாடி குறையவில்லை. திரையில் நூல் தெரியாது. காத்தாடி தெரிந்தால், அதற்கும் அதை விடுகிற பையனுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் நூல்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். ப்ராப்பில் சுற்றிவிட்டால் இழுக்கக் கூடாது, கையைக் கிழிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கத்தரியால் வெட்டி எடுங்கள். மோட்டார் தண்டுக்கு அடியில் ஒரு சுற்று மிச்சமிருந்தாலும் பேரிங் சூடேறிப் போய்விடும்.

காசிமேட்டுப் பருந்துகள்

மீன் இறங்கும் இடத்தில் பருந்து கூட்டமாகத்தான் இருக்கும். அது மேலிருந்துதான் அடிக்கும். பயந்து கீழே இறக்குவது அதற்கு வசதி. முழு ஸ்டிக் கொடுத்து நேர் மேலே ஏறுங்கள், பிறகு விலகி வந்து இறக்குங்கள். பழவேற்காடு பறவைகள் சரணாலயம் வேறு கதை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே டிரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள்.

உப்பும் மணலும் வெயிலும்

கரை மணலில் கலந்திருக்கும் கறுப்புத் துகளில் இரும்பு உண்டு; மோட்டாருக்குள்ளிருக்கும் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் மணலில் இறக்காமல், விரிப்பில் இறக்குங்கள். பேட்டரி கழற்றிய டிரோனில் விரலால் ப்ராப்பைச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். நறநறவென்றால் மறுபடி கிளப்ப வேண்டாம். கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்து, பேட்டரி முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள்.

பேட்டரியை வண்டி சீட்டுக்கடியில் வைத்து வெயிலில் நிறுத்துவது வீக்கத்துக்கு நேர்வழி. பறந்து சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடுவதும் அப்படித்தான். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம் வைத்துவிடுங்கள், 4.2 வோல்ட்டில் முழுசாக வைத்துப் பூட்ட வேண்டாம். உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளிக் கடைசியாக ஒருமுறை பறப்பவர்கள் இருக்கிறார்கள். பறக்கும்போது தாழ்ப்பாள் விட்டு வெளியே வந்துவிடும்.

போலீஸ் வந்து கேட்டால்

முதலில் டிரோனை இறக்குங்கள், பிறகு பேசுங்கள். மேலே பறந்துகொண்டிருக்கும்போது வாக்குவாதம் செய்தால் டிரோனும் போகும், பேச்சும் முற்றும். யூஐஎன் அச்சுப்பிரதி, வாங்கிய பில், மைக்ரோ என்றால் காப்பீட்டு ரசீது, அன்றைய வரைபட ஸ்கிரீன்ஷாட் ஆகியவை ரிமோட் இருக்கும் பையிலேயே இருக்கட்டும். எடுத்த படத்தைக் காட்டச் சொன்னால் காட்டுங்கள். பறப்பதற்கு முன்பே உள்ளூர் ஸ்டேஷனில் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் பாதிக் கேள்விகள் எழவே எழாது. துறைமுகச் சுவரை ஒட்டிய பகுதிகளில் விதி கேட்கிறதோ இல்லையோ, அதைச் செய்துவிடுங்கள்.