காயலான் கடைச் சாமான்களில் ஒரு புல்லட்: வீட்டிலேயே கட்டும் முறை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இதுவரை இரண்டு புல்லட் மோட்டார் சைக்கிள்களைக் கட்டியிருக்கிறேன். முதல் வண்டிக்கு ஆசையோடு பெயின்ட்டை அடித்து முடித்துவிட்டுத்தான் பாகங்களைப் பூட்டவே தொடங்கினேன். பளபளவென்றிருந்த பின் மட்கார்டில் மூன்று இடங்களில் புதிதாகத் துளை போட நேர்ந்தது. ஆகவே இங்கே நான் சொல்லும் முறையில் பெயின்ட் ஐந்தாம் படியில்தான் வரும். அதற்கு முன்பு வண்டி முழுவதையும் துருவும் கறையுமாக ஒருமுறை பூட்டி, நிறுத்தி, பார்த்துவிட வேண்டும். உதாரணத்திற்கு வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட 350 சிசி புல்லட்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: தாள்

ஆர்.சி. புத்தகம் இல்லாத ஃபிரேமை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஃபிரேமில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் உள்ள எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். எண்ணைத் தேய்த்த தடம் தெரிந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக அனுமதி பெற வேண்டும். கடலூர்க்காரர் புதுச்சேரியில் வாங்கினால் பிஒய் எண்ணிலிருந்து டிஎன் எண்ணுக்கு மாற்ற, அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. 2021 இல் வந்த விண்டேஜ் வாகன விதியை நம்பி இறங்க வேண்டாம்; அது 50 ஆண்டுகளைக் கடந்து, ஃபிரேமும் எஞ்சினும் அசலாகவே இருக்கும் வண்டிகளுக்கானது, நம்முடையதைப் போன்ற கதம்பத்திற்கு அன்று.

இரண்டாம் படி: ஃபிரேம்

கடற்காற்றில் நின்ற ஃபிரேமில் மேலே தெரியும் துருவைவிட வெல்டிங் ஓரங்களில் ஒளிந்திருக்கும் கீறலே ஆபத்தானது. அதை வீட்டிலேயே பார்க்கலாம். இணைப்பை நன்றாகச் சுரண்டி மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, பனியன் வேஸ்ட்டால் (கழிவுத் துணியால்) துடைத்துக் காயவிட்டு, அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தேயுங்கள். கீறல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளையில் மயிரிழை போல ஒரு கருங்கோடு எழும்பும். கோடு எழும்பிய ஃபிரேமை வெல்டரிடம் காட்டாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

மூன்றாம் படி: பெயின்ட் இல்லாமல் பூட்டிப் பார்த்தல்

நேரம் பிடிப்பதும் பிடிக்க வேண்டியதும் இதுதான். வெவ்வேறு காலத்துப் பாகங்களைச் சேர்க்கும்போது முதலில் தகராறு செய்வது மறை, அதாவது போல்ட்டிலும் நட்டிலும் உள்ள திருகுச் சுற்று. பழைய புல்லட் போல்ட்களில் பல பிரிட்டிஷ் அளவிலான மறை கொண்டவை, பின்னாளைய பாகங்களில் மெட்ரிக் மறை கலந்து வரும். இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும். எந்த நட்டையும் முதல் நான்கு சுற்று விரலால் மட்டுமே திருப்புங்கள். அதற்குள் இறுகினால் அது வேறு மறை என்று பொருள்; ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினியப் பகுதியின் மறை வழித்துக்கொண்டு போய்விடும், பிறகு லேத் பட்டறைதான் கதி. பிரிட்டிஷ் போல்ட்டுக்கு விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும், மெட்ரிக் ஸ்பேனர் போல்ட் தலையைத் தின்றுவிடும். எனக்கு அவற்றில் இரண்டு, புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தன. மற்றவற்றுக்குச் சென்னைப் புதுப்பேட்டை வரை பஸ் ஏற வேண்டியிருந்தது.

அடுத்தது சக்கர நேர். பின் சக்கரத்தின் இரு பக்கமும் இடைவெளியை நிரப்ப வரும் ஸ்பேசர்கள் வேறு வண்டியுடையவையாக இருந்தால் சக்கரம் ஒருபுறம் ஒதுங்கி நிற்கும். ஒரு நீண்ட நூலைப் பின் டயரைச் சுற்றி, இரு பக்கமும் முன் டயர் வரை இழுத்துப் பிடியுங்கள். முன் டயர் இரு நூல்களுக்கும் நட்ட நடுவில் இருக்க வேண்டும். பின் டயர் அகலமானதாக இருந்தால் முன்னால் இடைவெளி விழுவது இயல்பு, அது இரு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் போதும். குறைவதை லேத்தில் புது ஸ்பேசராகக் கடைந்து வாங்குங்கள். வாஷர்களை அடுக்கிச் சமாளிப்பதை நான் ஒருமுறை செய்து, வளைவில் வண்டி இழுப்பதைப் பார்த்தபின் விட்டுவிட்டேன். டேங்க், சீட், சைலன்சர், மட்கார்டு எல்லாவற்றுக்குமான துளைகளும் பட்டைகளும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டும். பெட்ரோல் டேங்க்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது; காலி டேங்க்கில் தங்கும் ஆவி வெடிக்கும்.

நான்காம் படி: எஞ்சின்

போரிங், கிராங்க் வேலைகளைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். நாம் செய்ய வேண்டியவை மூன்று. தீப்பொறிக்கான மின் இணைப்பைத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வையுங்கள். வால்வு இடைவெளியை வைக்கும் டேப்பட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் (அழுத்த) உச்சியில் நிற்கையில் சரிசெய்யுங்கள்: வால்வை இயக்கும் கம்பியான புஷ் ராட் மேலும் கீழும் ஆடக் கூடாது, ஆனால் இரு விரலால் உருட்டினால் உருள வேண்டும். தீப்பொறி விழும் நேரமான டைமிங்கிற்கு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பாக இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட்டின் இடையே சிகரெட் தாளை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தால் திறக்கும் கணத்தில் தாள் கையோடு வந்துவிடும். முதல் தடவை பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

ஐந்தாம் படி: கழற்றிப் பெயின்ட் அடித்தல்

ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்காதீர்கள். மழைக்காலத்து ஈரத்தில் பெயின்ட் வெளுத்துப்போகும். துருவை முழுதாக எடுத்து, அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிடுங்கள். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் வெறும் இரும்பை ஓரிரவு விட்டால் காலையில் மீண்டும் செம்மண் நிறம் ஏறியிருக்கும்.

ஆறாம் படி: ஒயரிங்

6 வோல்ட், 12 வோல்ட் பாகங்களைக் கலக்கக் கூடாது. பல்பு, ஹார்ன், காயில், பேட்டரி அனைத்தும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும். ரப்பர் பெட்ரோல் ஹோஸையும் புதிதாகவே போடுங்கள், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் தாங்காது.

ஏழாம் படி: கிக்

சாவியைப் போட்டு, மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் வரை கிக்கரை மெல்ல அழுத்துங்கள். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சற்றே அழுத்தி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுமூச்சாக ஒரு மிதி. எஞ்சின் பிடித்தவுடன் ஆக்சிலேட்டரை முறுக்காதீர்கள். வால்வை அழுத்தும் ராக்கருக்கு ஆயில் போகும் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். கசியாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கசிந்தால் போல்ட்டை இறுக்கி, கெடிலம் பாலம் வரை மட்டும் ஓட்டித் திரும்புங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளையும் பின் ஆக்ஸிலையும் ஸ்போக்குகளையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்து, இரவில் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். எந்த மூடி கசிகிறது என்பதைக் காலையில் அட்டையில் விழுந்திருக்கும் சொட்டு காட்டிவிடும்.